வெள்ளிக்கிழமை வைத்த பயிற்சி

மட்டக்களப்புப் பக்கம் தமிழரையும் முஸ்லிம்களையும் ஒன்றாக இருத்திப் பயிற்சி வைக்கப் போகிறீர்கள் என்றால், தயவுசெய்து வெள்ளிக்கிழமை வைக்காதீர்கள். நான் வைத்தேன். ஒரு பக்கத்துக்கு ஜும்ஆ, மறுபக்கத்தில் பாதிப் பெண்களுக்கு மரக்கறி நாள். நான் ஓடர் கொடுத்திருந்ததோ கோழிப் பார்சல். இந்த இரண்டையும் மறந்தவள்தான் இன நல்லுறவு கற்பிக்கப் போனவள்.

அடுத்தடுத்த நான்கு ஊர்களில் இருந்து 24 பேர். மாதர் அபிவிருத்திச் சங்கத்துப் பெண்கள், இளைஞர் கழகப் பொடியன்மார், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இரண்டு பேர். தங்கள் ஊரில் நல்லுறவு நிகழ்ச்சிகளை அவர்களே திட்டமிட்டு நடத்தப் பழக்க வேண்டும். மூன்று நாள் பயிற்சி, மண்டபம் இலவசம். ஆள் சேர்ப்பதில் ஒரு சிக்கலும் இருக்கவில்லை.

சிக்கல் அனுமதிக் கடிதத்தில் தொடங்கியது. முதல் தடவை அலுவலகத்துக்குப் போனபோது, பெயர்ப்பட்டியலில் அடையாள அட்டை இலக்கம் இல்லை என்று திருப்பி அனுப்பினார் அங்கிருந்த தம்பி. 24 பேருக்கும் போன் எடுத்து இலக்கம் வாங்கிக்கொண்டு போனால், கிராம உத்தியோகத்தர்களின் சிபாரிசு எங்கே என்றார் அதே தம்பி. "இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே?" "நீங்க கேக்கல்லயே மிஸ்." நான்கு கிராம உத்தியோகத்தர்களில் ஒருவர் லீவு. மூன்றாம் தடவை பத்து நிமிடத்தில் கையெழுத்தாகிவிட்டது. அப்போது கற்றுக்கொண்டது: முதல் நாளே என்னென்ன வேண்டும் என்று கேட்டு, நம் கடிதத்தின் பின்பக்கத்திலேயே அவர் கையால் எழுதி வாங்கிவிட வேண்டும்.

அப்புறம் கைநூல். ஆங்கிலத்தில் இருந்து மொழிபெயர்த்தது. பிணக்குத் தீர்க்கும் நடிப்புப் பயிற்சியில், மேல்மாடி வீட்டுக்காரரின் நாய் இரவில் குரைக்கிறது. "மேல்மாடி எங்க மிஸ் இருக்கு?" என்று கேட்டார் ஒரு காக்கா, முஸ்லிம் அண்ணன் ஒருவர். நியாயமான கேள்வி. எங்கள் பக்கத்துச் சண்டை மாடு வயலுக்குள் இறங்குவது, எல்லை வேலி, ஒலிபெருக்கி, ஆட்டோ தரிப்பிடம். கைநூலை மூடிவிட்டு, "உங்க ஊரில கடைசியா எதுக்குச் சண்டை வந்தது?" என்று கேட்டுத் துண்டில் எழுதி வாங்கினேன். அதை வைத்தே மிச்சப் பயிற்சிக்கெல்லாம் நடிப்புக் கதைகள் கிடைத்தன.

என் பெரிய பிழை இனித்தான். முதல் நாள் பத்தரைக்கே காலக்கோடு வரையக் கொடுத்தேன். ஊர்களுக்கு நடந்ததை வருட வரிசைப்படி பெரிய தாளில் எழுத வேண்டும். அவரவர் விருப்பப்படி குழுவாகச் சேரவும் விட்டுவிட்டேன். ஒரு தாளில் முஸ்லிம்கள் கொல்லப்பட்ட நாட்கள்: 1990 ஆகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசல், அதே மாதம் ஏறாவூர். மற்றத் தாளில் தமிழர் கொல்லப்பட்ட நாட்கள்: அதே ஆகஸ்ட் வீரமுனை, செப்டம்பர் 9 சத்துருக்கொண்டான். இரண்டு பக்கமும் மோதிக்கொண்ட 1985 இரண்டிலும் இருந்தது. சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த 2019 ஏப்ரல் 21-உம் இரண்டிலும் இருந்தது. ஒருவர் எழும்பி, "எங்கட தாளில இருக்கிறது ஏன் உங்கட தாளில இல்ல?" என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. அந்த நேரம் பார்த்து பாங்கு சொன்னது. ஆண்கள் எழும்பிப் போனார்கள். தொழுகைக்குத்தான் போகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு எழும்பினால், கோபித்துக்கொண்டு வெளியேறுவது போலத்தான் இருந்தது.

மண்டபத்தில் பெண்களும் நாலைந்து பொடியன்மாரும் மிச்சம். நான் பிளேன்டீயை முன்கூட்டியே கொண்டுவரச் சொன்னேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கோப்பைச் சத்தம் மட்டும். பிறகு சங்கத்து அம்மா ஒருவர், மகளுக்கு வீடு கட்ட அத்திவாரம் போட்டுவிட்டுச் சீமெந்து விலையால் நின்றுபோன கதையைத் தன்பாட்டுக்குத் தொடங்கினார். பக்கத்தில் இருந்த முஸ்லிம் பெண், "இஞ்சயும் அதுதான் கா. எனக்கு மூணு பொம்புளப் புள்ள" என்றார். அவ்வளவுதான். கிழக்கில் இரண்டு பக்கமும் மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம், இரண்டு பக்கமும் குடி என்கிற குலம் தாய்வழியில்தான். கல் விலை, மேசன் கூலி, மருமகன் வந்து குறை சொன்னது என்று ஒரு மணி நேரம் ஓடியது. கைநூலில் இருந்த, மிருகங்களைப் போலச் சத்தம் போடும் அறிமுக விளையாட்டை அன்றோடு கைவிட்டேன்.

அந்தத் தாள்களை மூன்றாம் நாள்தான் மறுபடி விரித்தோம். இந்தத் தடவை கலந்த குழுக்கள், ஒரே தாள், எவரும் எவர் எழுதியதையும் வெட்டக் கூடாது. எழுதினார்கள். யாரும் சமாதானம் ஆகிவிடவில்லை. ஆனால் ஒருவர் எழுதியதை மற்றவர் வாசித்தார்.

திட்டமிடும் அமர்வுக்கு ஒரு தடை உத்தரவு போட்டேன்: தமிழரும் முஸ்லிம்களும் "பிட்டும் தேங்காய்ப்பூவும்" போலக் கலந்து வாழ்கிறோம் என்று எவரும் சொல்லக் கூடாது. இங்கே நல்லுறவு மேடையில் ஏறும் எவரும் இரண்டு நிமிடத்துக்குள் சொல்வது அதைத்தான். சொல்லிவிட்டால் வேலை முடிந்ததாக நினைப்பு. அதை எடுத்துவிட்டதும் கலை விழா யோசனைகள் பாதியாகக் குறைந்தன. மிஞ்சியது கிரிக்கெட். தமிழ் ஊர் ஒரு பக்கம், முஸ்லிம் ஊர் மறுபக்கம் என்று அணி பிரித்தார்கள். நடுவர் எந்த ஊர் என்று கேட்டேன். பொடியன்மார் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டு, சீட்டுக் குலுக்கி அணி பிரிப்பதாக மாற்றிக்கொண்டார்கள். அதிதிகள் வரிசையிலும் அரை மணி நேரம் போனது. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் முதலா, பள்ளிவாசல் தலைவர் முதலா? கதிரைகளை வட்டமாகப் போட்டு முடித்தோம்.

நடந்து முடிந்த முதல் நிகழ்ச்சி, மாரிக்கு முன் டெங்குச் சிரமதானம். இரண்டு ஊருக்கும் நடுவில் போகும் வடிகானை, வீட்டுக் கதை பேசிய அந்த இரண்டு பெண்களும் சேர்ந்தே தெரிவுசெய்தார்கள். சனிக்கிழமை காலை. மீன் கறியும் மரக்கறியும் சமையல், மரக்கறிக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி. அறுபது பேர் வரை வந்தார்கள். சிரட்டை, தயிர்ச் சட்டி, டயர் என்று உரப்பைகள் நிறைந்தன. குப்பை ஏற்ற வருவதாகச் சொன்ன டிராக்டர் மட்டும் வரவில்லை. பைகள் எல்லை வீதியிலேயே கிடந்தன, உங்கட குப்பையா எங்கட குப்பையா என்ற பேச்சும் தொடங்கிவிட்டது.

சிரமதானம் முடிந்து மூன்றாம் நாள், நாமே போய்க் கேட்போம் என்று நான் கடிதம் அடித்துக்கொண்டிருக்கும்போது வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. டிராக்டர், அதன் முன்னால் அந்த இரண்டு பெண்களும். எனக்குச் சொல்லாமலே அலுவலகத்துக்குப் போயிருக்கிறார்கள். போகும்போதே பெயர்ப்பட்டியலில் எல்லோருடைய அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதிக்கொண்டு போனார்களாம்.