ரெண்டு கொடி இருந்தும் ஒரு காய் இல்ல

எங்க வீடு பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறை பக்கம். சித்தூர் மாமா வீட்டு மஞ்ச பேஷன் ஃப்ரூட் கொடில (மலைப்பக்கம் தாட்பூட் பழம்பாங்க) ரெண்டு குச்சி வெட்டிட்டு வந்து கிணத்தோரமா நட்டு கம்பிப் பந்தல் போட்டேன். முத வருசம் சாணியும் யூரியாவுமா கொட்டுனதுல எல பந்தல மூடி கோழிக்கூடு வரைக்கும் போயிருச்சு, மொட்டுன்னு ஒண்ணு கூட இல்ல. அப்புறம் யூரியாவ நிறுத்திட்டு சாம்பல் போட்டு, மாசில காஞ்ச கொடிய எல்லாம் வெட்டி விட்டேன், புதுசா விடுற கெளையிலதான் பூ வரும்னு அப்பதான் தெரியும்.

பூ வந்துச்சுங்க, தெனம் பத்து பதினஞ்சு. எல்லாம் மறுநா காம்போட கீழ கெடக்கும். சரி நாமளே மகரந்தம் தடவலாம்னு காலைல 7 மணிக்கு பிரஷோட போனா ஒரு பூ தெறக்கல! நான் பாத்த வீடியோ ஊதாப் பழம், அது விடியகாலைல விரியும், மஞ்சது உச்சிவெயில்லதான் தெறக்கும், ராத்திரி மூடிரும். மத்தியானமா போய் இந்தக் கொடிப் பூவ அந்தக் கொடிக்கு மாத்தி மாத்தி தடவியும் அதே கததான்.

கிருஷிபவன்ல (கேரளாவுல வேளாண் ஆபீஸ்) ஒரே கேள்விதான் கேட்டாங்க, ரெண்டும் ஒரே கொடில வெட்டுனதான்னு. மஞ்ச ரகம் தன் மகரந்தத்த தானே ஏத்துக்காதாம், ஒரே தாய்க்கொடில வெட்டுன குச்சின்னா எத்தன நட்டாலும் அது ஒரே செடி கணக்குதான். எனக்கு சிரிக்கறதா அழுகறதான்னு தெரியல.

வண்ணாமடைல ஒரு சிநேகிதன் வீட்ல வெத போட்டு மொளச்ச கொடி இருக்கு. மத்தியானம் அங்க விரிஞ்ச பூவ டிபன் பாக்ஸ்ல போட்டு டிவிஎஸ்ல கொண்டாந்து, என் பூவோட நடுவுல கொம்பு மாதிரி நிக்கற மூணு முனையிலயும் நல்லா படற மாதிரி தேச்சு விட்டேன், மழ வர்றதுக்குள்ள முடிச்சிரணும், நனஞ்சா மகரந்தம் வீணாயிரும். நூல் கட்டி வெச்ச 12ல 9 நின்னுச்சு. எழுவது நாள் கிட்ட ஆகி, மஞ்சளாகி தானா விழுந்தத பொறுக்குனேன், பறிக்கல.

பந்தல் மூங்கில ஓட்ட போடுதுன்னு அம்மா தொடப்பத்தால வெரட்டிட்டு இருந்த கருவண்டுதான் இந்தப் பூவுக்கு மகரந்தம் சேக்க சரியான ஆளாம். இப்ப வண்ணாமடை வெதைல ஒரு நாத்து பந்தல் ஏறுது, அது பூக்கற வரைக்கும் டிபன் பாக்ஸ் எனக்கு, மூங்கில் வண்டுக்கு.