பூனையைத் தின்ற மீன்

'பூனை மீனைத் தின்றது' என்பதன் ஆங்கிலத்தை 'த கேட்', 'ஏட்', 'த ஃபிஷ்' என்று மூன்று துண்டுச் சீட்டில் எழுதிக் கலைத்துப் போட்டு, ஆங்கிலம் பழகுகிற ஒருவரிடம் "ஒழுங்கா அடுக்கு" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் முதலில் வருவது 'த கேட் த ஃபிஷ் ஏட்'. வினை கடைசியில் வந்தால்தான் தமிழ்க் காதுக்கு வாக்கியம் முடியும். "'ஏட்'டை நடுவுல போடு" என்றதும், அடுத்த சுற்றில் 'த ஃபிஷ் ஏட் த கேட்'. மீன் பூனையைத் தின்று ஏப்பமும் விட்டாயிற்று. திருத்தப் போனால், "மீனைப் பூனை தின்னுச்சுன்னு சொல்றதில்லையா?" என்று எதிர்க்கேள்வி வேறு.

நியாயமான கேள்விதான். தமிழில் மீனோடு 'ஐ' ஒட்டியிருக்கிறது. அந்த இரண்டாம் வேற்றுமை உருபு இருக்கும்வரை மீனை எங்கே தூக்கிப் போட்டாலும் தின்னப்படுவது அதுதான். ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு அப்படி ஒட்டு கிடையாது. உட்காரும் இடம்தான் அடையாளம்: வினைக்கு முன்னால் இருந்தால் தின்கிறவர், பின்னால் இருந்தால் தட்டில்.

பழக எளிய வழி: எழுவாயை அப்படியே விட்டுவிட்டு, மிச்சத்தை வாலிலிருந்து படியுங்கள். 'அம்மா நேற்று சந்தையில் மீன் வாங்கினார்.' அம்மா, வாங்கினார், மீன், சந்தையில், நேற்று. 'அம்மா பாட் ஃபிஷ் அட் த மார்க்கெட் யெஸ்டர்டே.' 'சந்தையில்' என்ற சொல்லுக்குள்ளும் இதே தலைகீழ்தான். வாலில் இருந்த 'இல்' முன்னே தாவி 'அட்' ஆகிறது. டெலிவரி தம்பியிடம் போனில் "பிள்ளையார் கோயில் நியர்!" என்று கத்துகிறவர்கள் மறந்தது இந்தத் தாவலைத்தான். (தம்பி எப்படியும் வந்துவிடுவார், அது வேறு விஷயம்.)

எல்லாவற்றையும் திருப்பினாலும் ஆபத்து. 'பெரிய மீன்' என்பதைத் திருப்பினால் 'ஃபிஷ் பிக்'. அதனால் பெயரடையும் பெயரும் ஒரே சீட்டில் இருக்கட்டும். 'நேற்று வாங்கிய மீன்' அப்படியில்லை, அதைத் திருப்பியே ஆகவேண்டும்: 'த ஃபிஷ் ஐ பாட் யெஸ்டர்டே'. நான் என்று பொருள்படும் இந்த 'ஐ' எங்கிருந்து வந்தது? தமிழில் வாங்கியவர் யார் என்று சொல்லாமலே விடலாம். 'வாங்கினேன்' என்றாலே போதும், 'நான்' விகுதிக்குள் ஒளிந்திருக்கும். ஆங்கிலத்தில் அதை வெளியே இழுத்துத் தனிச் சீட்டு கொடுக்க வேண்டும். எதிர்ப்பக்கம், 'எனக்கு ஒரு அண்ணன் இருக்கிறான்' எந்த அடுக்குக்கும் மசியாது. 'டு மீ ஒன் பிரதர் இஸ்' என்று மல்லுக்கட்டாமல், 'ஐ ஹேவ் எ பிரதர்' என்று முழுதாகவே மனப்பாடம் செய்வது மேல்.

கேள்விக்கு நாம் கடைசியில் ஒரு 'ஆ' சேர்ப்பதோடு, அல்லது 'எங்கே' மாதிரி ஒரு கேள்விச்சொல் போடுவதோடு சரி. ஆங்கிலத்தில் 'இஸ்' போன்ற துணைவினையை எழுவாய்க்கு முன்னே நிறுத்துகிறார்கள்: 'வேர் இஸ் த பஸ் ஸ்டாண்ட்?' இது நன்றாகப் படிந்த பிறகுதான் கூத்து. 'டெல் மீ' சேர்த்ததும் 'டெல் மீ வேர் இஸ் த பஸ் ஸ்டாண்ட்' என்று வரும். சரியானது 'டெல் மீ வேர் த பஸ் ஸ்டாண்ட் இஸ்'. வினை கடைசியில், நம்மூர் வழக்கப்படியே! ஆனால் அதற்குள் அந்தப் பழக்கத்தைத்தான் அடித்து விரட்டியிருப்போம்.