பனம் பாத்தியும் பலாவிலைக் கூழும்

13 ஒக்டோபர் 2024, ஞாயிறு

ஆவணியிலிருந்து எங்கள் யாழ்ப்பாணத்து வீட்டு வேலியோரம் குவிந்து கிடந்த பனங்கொட்டைகளை இன்றைக்குத்தான் பாத்தியில் போட்டோம். பணியாரத்துக்குப் பிழிந்தவை, பின்வளவில் விழுந்து மாடு சூப்பிப் போட்டவை எல்லாம் சேர்த்து 212. மகளின் கணக்கு. இரண்டாம் தரம் எண்ணியபோது 207 வந்ததை அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

மண்ணைக் கொத்தி மேடாக்கி, கொட்டைகளை நெருக்கி அடுக்கி, மண்ணால் மூடிவிட்டால் வேலை முடிந்தது. மிச்சத்தை மழை பார்த்துக்கொள்ளும். தையில் பனங்கிழங்கு. மாமி கதிரையைக் கொண்டுவந்து பக்கத்திலே போட்டு இருந்தார். "உதிலை தண்ணி நிக்கும் பிள்ளை, மேட்டுப் பக்கமாப் போடச் சொல்லு." நான் இவரைப் பார்த்தேன். இவர் மண்வெட்டியைப் பார்த்தார். பாத்தி பள்ளத்திலேயே அமைந்தது.

17 ஒக்டோபர், வியாழன்

ஐப்பசி பிறந்தது, மழையும் பிறந்தது. மூன்று மணியிருக்கும். முற்றத்துப் பாயில் செத்தல் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. கோண்டாவில் பக்கம் இருட்டிக்கொண்டு வர, நானும் மகளும் பாயின் இரண்டு தலைப்பையும் பிடித்துக்கொண்டு ஓடினோம். பாதி மிளகாய் விறாந்தையில், பாதி வழியில். பிறகு அரை மணித்தியாலம் ஒன்றும் செய்யாமல் விறாந்தை நுனியில் காலை நீட்டி இருந்தேன். தேத்தண்ணியும் ஒரு துண்டு பனங்கட்டியும். செம்மண் மணம் அடுப்படி வரைக்கும் வந்தது.

22 ஒக்டோபர், செவ்வாய்

தங்கச்சி கனடாவில் ஸ்காபரோவிலிருந்து மேப்பிள் மரத்தின் படம் அனுப்பியிருக்கிறாள், இலையெல்லாம் நெருப்பு மாதிரி. அவளுக்கு இது இலை உதிரும் காலம். எங்களுக்கோ சித்திரையிலிருந்து வாடிக் கிடந்த பொன்னாங்காணி இப்போதுதான் தலையெடுக்கிறது. பதிலுக்கு ஒரு தம்பலப்பூச்சியைப் படம் எடுத்து அனுப்பினேன். முதல் மழைக்கு மண்ணுக்குள்ளிருந்து வரும் அந்தச் சிவப்புப் பட்டு. உடனே ஃபோன் எடுத்து விட்டாள். "நெருப்புப்பெட்டிக்குள்ளை வச்சிருந்தோமே, ஞாபகமிருக்கா?" பிறகு ஒரு மணித்தியாலம் பூச்சிக் கதைதான்.

31 ஒக்டோபர், வியாழன்

தீபாவளி. எண்ணெய் முழுக்கு, புது உடுப்பு, கோயில். பாத்தியைச் சுற்றி கணுக்கால் அளவு தண்ணீர். மாமி ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் தாங்க முடியாதது. இவர் புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்கால் வெட்டினார்.

3 நவம்பர், ஞாயிறு

நேற்றுக் கந்தசஷ்டி தொடங்கியது. மாமிக்குப் பாலும் பழமும். எங்களுக்கு மரக்கறி, ஆனால் அதில் குறையொன்றும் இல்லை. வாழைப்பூ வறையும் முருங்கையிலைச் சொதியும் இருந்தால் நான் மீனை நினைப்பதே இல்லை. (இதை இவரிடம் சொல்லக் கூடாது.)

கிணறு ஏறுகிறது. புரட்டாதியில் வாளி இறங்கி இறங்கிக் கயிறு முடிந்துவிடும். இன்றைக்கு நாலு முழம் மிச்சமாகக் கையில் கிடந்தது. ஆறில்லாத ஊரில் எங்களுக்கு எல்லாம் இந்தக் கிணறுதான். மழைத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கீழே கிடக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. மோட்டர் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலே வந்துவிடும். மாமா இருந்த காலத்தில் பம்ப் சுவிட்சில் யாரையும் கை வைக்க விடமாட்டார். அது கஞ்சத்தனம் என்று அப்போது நினைத்தேன்.

7 நவம்பர், வியாழன்

சூரன் போர். நல்லூருக்குப் போகவில்லை, ஊர்க் கோயிலிலேயே பார்த்தோம். நனைந்தோம்.

10 நவம்பர், ஞாயிறு

விரதம் முடிந்த முதல் ஞாயிறு. வானம் மூடிக் கிடந்தது. கூழுக்கென்றே செய்த நாள்.

இவர் விடியவே பாசையூருக்குப் போய் நண்டு, இறால், இரண்டு மீன் தலை கொண்டுவந்தார். ஒடியல் மாவை, அதாவது காய்ந்த பனங்கிழங்கு மாவை, முதலே ஊறவைத்து, தெளிந்த தண்ணீரை இரண்டு தரம் வடித்தேன். இல்லாவிட்டால் காறல் போகாது. பெரிய பானையில் புழுங்கலரிசி, பயத்தங்காய், மரவள்ளித் துண்டு, ஆனியில் மணலுக்குள் புதைத்து வைத்த பலாக்கொட்டை. அவை வெந்து வர மீன் வகையறா. கடைசியில் மாவையும் பழப்புளியையும் அரைத்த செத்தல் மிளகாயையும் கரைத்து ஊற்றி, கை வலிக்க வலிக்கத் துழாவ வேண்டும். கூழ் கொதிக்கும்போது குமிழ் மெல்ல எழும்பி "டொப்" என்று உடையும். அந்தச் சத்தம் கனத்து வந்தால் பதம். இறக்கும்போது ஒரு பிடி முருங்கையிலை.

பலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்தி விறாந்தையில் வட்டமாக இருந்து குடித்தோம். கோப்பையில் குடித்தால் அது வேறு சாப்பாடு. மாமி மூன்று தரம் வாங்கினார். நாலாம் தரம், "மகளுக்கு" என்று சொல்லி வாங்கினார்.

17 நவம்பர், ஞாயிறு

வேலியில் கார்த்திகைப் பூ. மகள் காலையிலிருந்து பாத்தியைச் சுற்றிக்கொண்டு நின்றாள், பொறுக்க முடியாமல் ஒரு கொட்டையைக் கிளறி எடுத்து விட்டாள். அழுகவில்லை! கீழே வெள்ளையாக, விரல் நீளத்துக்கு முளை. கத்தியால் வெட்டிப் பிளந்தால் உள்ளே பூரான் என்கிற வெள்ளைப் பருப்பு, பஞ்சு மாதிரி, இளம் இனிப்பு.

"ஒரு கிழங்கு போச்சு" என்று மாமி திட்டத் தொடங்கினார். திட்டிக்கொண்டே கையை நீட்டினார். பாதியைக் கொடுத்தோம்.