மெல்பர்னில் எங்கள் குடித்தனம்

கல்யாணமான புதிதில் இவருக்கு மேட்டூரில் வேலை, எனக்குத் தஞ்சாவூரில் பள்ளிக்கூடம். பொதுப்பணித் துறையில் இருப்பவர்களுக்கு மாற்றல் என்பது சகஜம். மேட்டூர் போய் வேதாரண்யம் வந்தது, அதுவும் போய் வேறு ஊர். சனிக்கிழமை ராத்திரி வந்து சேருவார், திங்கட்கிழமை விடியற்காலை முதல் பஸ் பிடித்துவிடுவார். பிள்ளைகள் படிப்பு, மாமியார் வைத்தியம் என்று வருஷங்கள் ஓடிவிட்டன. ஓய்வு பெற்ற பிறகும் அவரவர் பழக்கம் அவரவரோடுதான் இருந்தது. காலையில் அவர் சிவகங்கைப் பூங்கா வரை நடந்துவிட்டு, நண்பர்களோடு பேசிவிட்டு, பேப்பரும் கையுமாகத் திரும்புவார். அதற்குள் எனக்குப் பாதி சமையல் முடிந்திருக்கும். மத்தியானச் சாப்பாட்டில்தான் நாலு வார்த்தை பேசுவோம்.

மகளைப் பார்க்க மெல்பர்ன் போய்வந்ததிலிருந்து எல்லோரும் "என்னென்ன பார்த்தீங்க?" என்றே கேட்கிறார்கள். பார்த்தவற்றையும் எழுதுகிறேன். ஆனால் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது வேறு. மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குக் கிளம்பி, பேத்தியும் பள்ளிக்கூடம் போன பிறகு மிச்சமிருக்கும் அந்த நீளமான பகல். அதில்தான் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து குடித்தனம் செய்தோம்.

திருச்சியில் ஏறினால் சிங்கப்பூருக்குச் சுமார் 4 மணி நேரம். அங்கே விமானம் மாறி மெல்பர்னுக்கு இன்னும் ஏழரை மணி நேரம். இறங்குவதற்கு முன் ஒரு படிவம் கொடுப்பார்கள். சாப்பாட்டுப் பொருள் உண்டா, விதை உண்டா, மூலிகை உண்டா, மரச்சாமான் உண்டா என்று கேள்விகள் வரிசையாக இருக்கும். "அம்மா, சந்தேகம் இருந்தா எல்லாத்துக்கும் 'ஆமா'ன்னே போடுங்க" என்று மகள் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். அப்படியே போட்டோம். அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொல்லி ஒவ்வொரு பொட்டலமாக வெளியே எடுத்தார். சாம்பார் பொடி, பருப்புப் பொடி, அப்பளம் எல்லாவற்றையும் பார்த்துத் திரும்ப வைத்தார். கண்டந்திப்பிலிக் குச்சிகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இது என்ன என்று கேட்டார். ரசத்துக்கும் உடம்பு வலிக்கும் போடுவது என்று இவர் தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பொறுமையாக விளக்கினார். அதிகாரியும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, குச்சியை அனுமதிக்க முடியாது என்று எடுத்து வைத்துவிட்டார். சொல்லிவிட்டால் பொருள் போனாலும் அபராதம் கிடையாது. மறைத்தால்தான் அபராதம், விசாவை ரத்து செய்யும் அளவுக்குக்கூடப் போகலாம். நாலு பக்கமும் கடல் சூழ்ந்த நாடு, வெளியிலிருந்து பூச்சியோ நோயோ வந்து பயிரில் விழுந்துவிடக் கூடாது என்று இவ்வளவு கவனம். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. நம் ஊரிலிருந்து போகிறவர்கள் பச்சைக் கறிவேப்பிலையைப் பெட்டியில் ஒளித்து வைக்க வேண்டாம். அங்கேயே விளைகிறது, இந்தியக் கடைகளில் கிடைக்கும்.

மகள் வீடு டார்னீட்டில். நகரத்துக்கு மேற்கே சுமார் 25 கிலோமீட்டர். 2015-இல்தான் அங்கே ரயில் நிலையமே வந்தது. வரிசையாகப் புது வீடுகள், பஞ்சாபிக் குடும்பங்கள் நிறைய, நடுநடுவே தமிழ்க் குரலும் கேட்கும். முதல் வாரம் எங்களுக்குக் கை கால் கட்டிப்போட்ட மாதிரி இருந்தது. மகள் வீடுதான் என்றாலும் இன்னொருவர் அடுப்படி. கடுகு தாளித்தால் கூரையில் இருக்கும் புகை அலாரம் அலறும். எந்த டப்பாவில் எது இருக்கிறது என்று தேடவே பாதி நேரம் போய்விடும். எதையாவது இடம் மாற்றி வைத்துவிடுவோமோ என்று தயக்கம் வேறு.

இவர்தான் முதலில் தமக்கென்று ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டார். குப்பைத் தொட்டி. சிவப்பு மூடி வீட்டுக் குப்பைக்கு, மஞ்சள் மூடி மறுசுழற்சிக்கு, பச்சை மூடி தோட்டக் கழிவுக்கு. சிவப்பை வாரா வாரம் எடுப்பார்கள். மஞ்சளை ஒரு வாரம் விட்டு ஒரு வாரம். முதல் நாள் ராத்திரியே தெருவோரம் வைத்துவிட வேண்டும். சக்கரம் வீட்டைப் பார்த்து இருக்கணும், இரண்டு தொட்டிக்கு நடுவில் இடைவெளி வேண்டும், அப்போதுதான் வண்டியின் இயந்திரக் கை பிடித்துத் தூக்கும். இவர் நகராட்சி அட்டவணையை எடுத்துக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினார். பால் டப்பாவைக் கழுவிக் காயவைத்துத்தான் மஞ்சளில் போடுவார். எதிர்வீட்டுப் பஞ்சாபிப் பெரியவர் இவர் தொட்டியை வெளியே தள்ளுவதைப் பார்த்துத்தான் தம்முடையதையும் தள்ளுவார். இந்தி இவருக்குத் தெரியாது, அவருக்கும் ஆங்கிலம் சரளமில்லை. ஆனாலும் குப்பை நாள் ராத்திரிகளில் தெருவில் அரை மணி நேரம் இருவரும் நின்று பேசிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

நான் நூலகத்தைப் பிடித்துக்கொண்டேன். ஆஸ்திரேலியாவின் முதல் பெண் பிரதமர் ஜூலியா கில்லார்டின் பெயர் வைத்த நூலகம் டார்னீட்டில் இருக்கிறது. சின்னக் குழந்தைகளுக்குக் கதை சொல்லும் நேரம் உண்டு. ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு வேறென்ன வேண்டும்! ஓரமாக உட்கார்ந்து, அந்தப் பெண் எப்படிக் கதை சொல்கிறாள், எந்த இடத்தில் நிறுத்திக் குழந்தைகளைப் பேசவிடுகிறாள் என்று கவனிப்பேன். ராத்திரி அதே கதையைப் பேத்திக்குத் தமிழில் சொல்வேன்.

காலை 9 மணிக்கு மேல் நாங்கள் இருவரும் ஸ்கெலிட்டன் கிரீக் என்ற ஓடையின் ஓரப் பாதையில் நடப்போம். நாங்கள் போனது செப்டம்பரில், அங்கே அது வசந்த காலத் தொடக்கம். மேக்பை என்று கறுப்பு வெள்ளையில் ஒரு பறவை. கூட்டில் குஞ்சு இருக்கும் மாதங்களில் கீழே போகிறவர் தலையைக் குறிவைத்துப் பாயும், ஆள் முகத்தைக்கூட நினைவில் வைத்துக்கொள்ளும். சைக்கிள்காரர்கள் ஹெல்மெட்டில் பிளாஸ்டிக் குச்சிகளைச் செருகிக்கொண்டு போவார்கள். இவர் குடையை விரித்து எனக்கும் சேர்த்துப் பிடித்துக்கொள்வார். தஞ்சாவூரில் நாங்கள் ஒரு குடைக்குள் நடந்ததாக எனக்கு நினைவே இல்லை.

பிறகு துணிந்து ரயிலேறினோம். மைக்கி என்ற பயண அட்டையை நிலையத்துக் கருவியில் தொட்டுவிட்டு ஏறினால் நகரத்துக்குள் சதர்ன் கிராஸ் நிலையம் போய்விடலாம். நகரத்தின் நடுப்பகுதியில் டிராம் இலவசம். உலகத்திலேயே பெரிய டிராம் பாதை இந்த ஊருடையது, சுமார் 250 கிலோமீட்டர். 35-ஆம் எண் டிராம் நகரத்தைச் சுற்றிக் காட்டும். பெற்றோரைக் கூட்டிப்போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஊர் சுற்றிக்காட்டுவதற்கு முன்னால், அவர்களாகவே ரயிலில் போய்வரக் கற்றுக்கொடுங்கள். முதல் தரம் ரயிலில் கூடப் போங்கள், இரண்டாம் தரம் அனுப்பிவிடுங்கள். எங்களுக்கு அதற்கப்புறம்தான் தெம்பு வந்தது.

அப்படிப் போன இடங்களில் என் மனசுக்கு நெருக்கமானது விக்டோரியா மாநில நூலகம். 1856-இல் திறந்தது. நுழைவுக் கட்டணம் கிடையாது. அதற்குள் 1913-இல் கட்டி முடித்த எண்கோண வாசிப்புக் கூடம், மேலே பெரிய குவிமாடம். நடுவிலிருந்து சக்கரத்தின் ஆரங்களைப் போல மரமேசைகள் விரிந்து போகும், ஒவ்வொன்றிலும் பச்சை மூடி விளக்கு. கட்டிய காலத்தில் உலகத்திலேயே பெரிய கம்பி-கான்கிரீட் குவிமாடம் இது என்று படித்ததும், இவர் கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். கான்கிரீட்டைப் பற்றி ஆரம்பித்தவர் மெல்ல மேட்டூருக்குப் போய்விட்டார். ஒரு வருஷம் அணை 120 அடி நிரம்பி, 16 கண் மதகு திறந்த ராத்திரி. மணிக்கொரு தரம் மட்டம் பார்த்து எழுத வேண்டும். மழை, காற்று, கையில் லாந்தர், சாப்பாடு வரவில்லை. விடியும்வரை தண்ணீர் போகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதுகூடக் கேட்கவில்லையாம். எந்த வருஷம் என்று கேட்டேன். அவர் சொன்னதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதே வாரம் மகளுக்குக் காய்ச்சல் ஏறி, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறேன். வீட்டில் போன் கிடையாது. அவர் ஊருக்கு வந்தபோது குழந்தைக்குக் குணமாகிவிட்டிருந்தது, அணையும் வடிந்துவிட்டிருந்தது. "காய்ச்சல் வந்துச்சு, சரியாயிடுச்சு" என்று நான் சொல்லியிருப்பேன், "தண்ணி அதிகம், வேலை ஜாஸ்தி" என்று அவர் சொல்லியிருப்பார். அவ்வளவுதான் பேசியிருப்போம். அன்றைக்கு அந்தப் பச்சை விளக்குக்குக் கீழே உட்கார்ந்து இரண்டு பேரும் முழுசாகச் சொன்னோம். பேத்தியைக் கூப்பிடப் போக வேண்டுமே என்று மணி பார்த்தபோதுதான் எழுந்தோம்.

அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுகிறார்கள். நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம் ஐந்தரை ஆகிவிடும். தஞ்சாவூரில் இருக்கும் நாத்தனாருக்குப் போன் செய்யும் நேரமும் மாறியது. அதைவிட விளக்கேற்றும் நேரம்தான் எங்களுக்குள் பெரிய பேச்சானது. டிசம்பரில் அங்கே பொழுது சாய ராத்திரி எட்டரை தாண்டிவிடுகிறது. 6 மணிக்கு வெயில் சுள்ளென்று அடிக்கும்போது எப்படி விளக்கேற்றுவது? 6 மணி என்றால் 6 மணிதான் என்பது இவர் கட்சி. சந்தி வேளை என்றால் சூரியன் இறங்க வேண்டாமா என்பது என் கட்சி. கடைசியில் பேத்தி தூங்கப் போகும் முன் ஏற்றுவது என்று வைத்துக்கொண்டோம். அவளும் கை கூப்பிவிட்டுப் படுப்பாள்.

தீபாவளி வேலை நாளில் வந்தது. விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளித்து, மாப்பிள்ளை புதுச்சட்டையோடு ஆபீஸ் போனார். வார இறுதியில் காரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலுக்குப் போனோம். 1994-இல் கும்பாபிஷேகம் ஆன கோயில், சிவனுக்கும் பெருமாளுக்கும் ஒரே இடத்தில் சன்னிதி. தூரம் அதிகம், நகரத்தின் ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடி.

கிரேட் ஓஷன் ரோடு பார்க்காமல் யாரும் திரும்புவதில்லை, நாங்களும் பார்த்தோம். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் 1919 முதல் 1932 வரை கட்டிய சாலை, சுமார் 240 கிலோமீட்டர். கடலுக்குள் நிற்கும் சுண்ணாம்புப் பாறைத் தூண்களைப் பன்னிரண்டு அப்போஸ்தலர்கள் என்கிறார்கள். 2005-இல் ஒன்று சரிந்துவிட்டது. கொஞ்சம் தள்ளி லண்டன் பிரிட்ஜ் என்ற பாறைப் பாலம் 1990-இல் நடுவில் இடிந்து விழ, அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட இரண்டு பேரை ஹெலிகாப்டரில் மீட்டிருக்கிறார்கள். காற்று ஆளைத் தள்ளியது, படம் எடுத்தோம், காருக்குள் ஓடிவந்தோம்.

இவருக்குப் பிடித்தது வெரிபீ கழிவுநீர்ப் பண்ணை. மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் பறவை பார்க்க அனுமதி வைத்திருந்தார், அவரோடு போனோம். 1897-இலிருந்து மெல்பர்னின் சாக்கடை நீர் அங்கே வருகிறது. சுத்திகரிக்கும் குளங்களே பறவைகளுக்குச் சரணாலயமாகிவிட்டன. சைபீரியாவிலிருந்து உள்ளான் கூட்டம் வந்து இறங்குகிறது. வேதாரண்யத்தில் இருந்தபோது கோடியக்கரையில் உள்ளான்களைப் பார்த்தவர் இவர். தொலைநோக்கியை என்னிடம் கொடுத்து, மூக்கு கீழ்நோக்கி வளைந்த ஒன்றைக் காட்டி, "இதோட சாதிதான் அங்கேயும் வரும்" என்றார். அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

கஷ்டங்களும் உண்டு. பயணக் காப்பீடு கட்டாயம் எடுங்கள். ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தத்தை மறைக்காமல் எழுதி எடுங்கள். ஊர் டாக்டர் சீட்டையும் தேவையான மாத்திரையையும் கையோடு கொண்டுபோங்கள். பிள்ளை பார்த்துக்கொள்வது எங்களுக்குச் சந்தோஷம்தான், ஆனால் வாரத்தில் ஒரு முழு நாள் எங்களுக்கு என்று மகளிடம் முதலிலேயே கேட்டு வாங்கிக்கொண்டேன். அவளும் மனசார ஒத்துக்கொண்டாள். அந்த ஒரு நாள் இருந்ததால்தான் மற்ற நாட்களில் முகம் சுளிக்காமல் இருக்க முடிந்தது. ஆறு மாதத்துக்கு விசா கிடைத்தாலும் நாலு மாதத்தில் திரும்பிவிடுவது நல்லது என்பது என் அபிப்பிராயம். அவர்களுக்கும் அவர்கள் வீடு வேண்டும்.

அடுத்த டிசம்பர் கடைசியில் பேத்திக்குக் கோடை விடுமுறை. மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்தால் பொங்கல்வரை இங்கேதான். மாடி அறைக்கு ஏ.சி. வேண்டுமா, மார்கழிக் குளிரே போதுமா என்று இப்போதே இவர் என்னோடு விவாதம் செய்துகொண்டிருக்கிறார். கொசுவலை போதும் என்கிறேன் நான்.