பச்சைக் கேட்டு

முதலில் நஷ்டக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். என் வாயால் ஒரு குடும்பத்துக்கு 25,000 ரூபாய் போனது, திரும்ப வராத அட்வான்ஸ். பையனுக்கு ஒரு வருஷமும் போனது.

வியாழக்கிழமை வீட்டு ஜெபம். பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். அன்றைக்கு ஒரு அண்ணனும் அக்காவும் மகனை வெளியூர் காலேஜில் சேர்க்கப் போகிறோம், ஜெபியுங்கள் என்றார்கள். கண்ணை மூடியதும் எனக்கு ஒரு படம் தெரிந்தது: பச்சைப் பெயிண்ட் அடித்த இரும்புக் கேட்டு, பூட்டித் தொங்குகிறது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அந்தப் படபடப்பையே ஆவியானவர் என்று எடுத்துக்கொண்டு, "கர்த்தர் இந்தக் கதவை அடைக்கிறார், பையனை அனுப்ப வேண்டாம்" என்று சத்தமாகச் சொல்லியும் விட்டேன். நாலு பேர் ஆமென் போட்டார்கள். ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவர்களும் பையனை அனுப்பவில்லை.

நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறவள். வெள்ளி கொண்டுவருகிறவர் எத்தனை வருஷப் பழக்கமானாலும் டச், அதாவது வெள்ளி எவ்வளவு சுத்தம் என்று, பார்க்காமல் வரவு வைக்க மாட்டோம். கர்த்தர் பேரைச் சொல்லி நான் கொடுத்ததற்கு மட்டும் டச் பார்க்க எனக்கும் தோன்றவில்லை, அவர்களுக்கும் தோன்றவில்லை.

மூன்று வாரம் கழித்து, சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது, அந்தக் கேட்டில் ஒரு வயர்கூடை தொங்கியது ஞாபகம் வந்தது. சிவப்பும் வெள்ளையும் கலந்து பின்னியது, பிடி ஒரு பக்கம் அறுந்து கயிறு போட்டுக் கட்டியிருக்கும். பால் பாக்கெட் போட அம்மா மாட்டிவைத்த கூடை. அது கிச்சிப்பாளையத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டுக் கேட்டு! தம்பி வெளிநாடு போன அன்று அம்மா அதைப் பூட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அவள் சாவுக்குக்கூட அவனால் வர முடியவில்லை. வீட்டை விட்டுப் போகிற பிள்ளை என்றாலே எனக்குள் இருக்கிற பயத்தைத்தான் கர்த்தர் பேரில் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். கடுகு கருகிப்போனது.

யாரிடம் போய்ச் சொல்வது? தெரிந்த ஒரு ஊழியக்காரரிடம் சொன்னேன். "அதெல்லாம் சத்துரு கொண்டுவர்ற குழப்பம் சிஸ்டர், சந்தேகப்படாதீங்க, மூணு நாள் உபவாசம் இருங்க" என்று முடித்துவிட்டார். நான் தப்பாகச் சொன்னேன் என்று ஒத்துக்கொள்ள வந்தவளை, நீ சொன்னது சரிதான் என்று திருப்பி அனுப்பினால் என்ன செய்வது. அப்புறம் எங்கள் சபையில் ரிட்டயரான டீச்சரம்மா ஒருவரிடம் போனேன். அவர் கேட்டது மூன்றே கேள்வி. "அது வந்தப்ப உன் மனசு எப்படி இருந்துச்சு? எத்தனை நாள் வச்சிருந்து சொன்ன? அவங்களுக்கு மறுத்துப் பேச இடம் கொடுத்தியா?" மூன்றிலும் ஃபெயில். "ரெண்டு நாள் எங்கயாவது வாயை மூடிக்கிட்டு உட்காரு கண்ணு" என்று ஏற்காட்டில் ஒரு தியான இல்லத்தைச் சொன்னார். கத்தோலிக்கர்கள் நடத்துவது, நாம் போனாலும் சேர்த்துக்கொள்வார்கள் என்றார்.

போகிறவர்கள் கவனியுங்கள்: கடிதம் கேட்பார்கள். போனில் ரூம் இருக்கிறது என்றவர் அதைச் சொல்லவே இல்லை. அஸ்தம்பட்டியில் பஸ் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவையும் நின்றுகொண்டே கடந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தால், ஆபீசில் இருந்தவர் தலையே நிமிராமல் "பங்குச் சாமியார் லெட்டர்?" என்றார். நான் வேற சபைங்க என்றேன். "அப்ப உங்க பாஸ்டர் லெட்டர்." அதுவும் இல்லை. அவ்வளவுதான். ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டுக் கீழே இறங்கினேன். அது சனிக்கிழமை வேறு, திரும்பும் பஸ்ஸிலும் நிற்கத்தான் இடம். இதுவும் கர்த்தர் அடைத்த கதவோ என்று ஒரு நிமிஷம் ஓடியது. இல்லை, லெட்டர் இல்லை, அவ்வளவுதான்.

மறுவாரம் லெட்டரோடு, சனி ஞாயிறைத் தவிர்த்துப் போனேன். இரண்டு நாள் மௌனம். முதல் நாள் தூங்கித் தீர்த்தேன். இரண்டாம் நாள் வயதான ஒரு குருவானவர், இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியாரின் கதையைச் சொன்னார். 1521இல் பாம்ப்லோனா சண்டையில் குண்டடிபட்டுக் கால் உடைந்து படுத்துக்கிடந்த போர்வீரர். வீரசாகசங்களைக் கற்பனை செய்தால் அந்த நேரம் இனித்தது, பிறகு மனசு வறண்டுபோனது. புனிதர்களைப்போல வாழ்வதை நினைத்தால் நினைத்து முடித்த பிறகும் சந்தோஷம் தங்கியது. அந்த வித்தியாசத்தைக் கவனித்ததில்தான் அவருக்கு எல்லாம் தொடங்கியதாம். வரும்போது எவ்வளவு வேகமாக வந்தது என்று பார்க்காதே, போன பிறகு என்ன மிச்சம் என்று பார் என்றார். கேட்டுப் படம் போன பிறகு எனக்கு மிச்சமிருந்தது, நான் சொன்னது பலிக்க வேண்டுமே என்கிற பதைப்பு. சமாதானம் ஒரு துளி இல்லை.

வீட்டுக்கு வந்து பைபிளில் அப்போஸ்தலர் 21ஐத் திரும்ப வாசித்தேன். அகபு என்கிற தீர்க்கதரிசி பவுலின் இடுப்புக் கச்சையை எடுத்துத் தன் கையையும் காலையும் கட்டிக்கொண்டு, எருசலேமில் இப்படி நடக்கும் என்கிறான். போகாதே என்று அவன் சொல்லவில்லை! போக வேண்டாம் என்று கெஞ்சினது கேட்டுக்கொண்டிருந்தவர்கள். பவுல் போனார். எத்தனை தடவை வாசித்த அதிகாரம், இது கண்ணில் பட்டதே இல்லை. ஒன்று தெரிவது வேறு, அதற்கு என்ன அர்த்தம் என்பது வேறு, அதை வைத்து என்ன செய்ய வேண்டும் என்பது இன்னும் வேறு. நான் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லியிருந்தேன்.

மன்னிப்புக் கேட்கப் போனதை விலாவாரியாக எழுத மனசு வரவில்லை. அண்ணன் ரூமை விட்டு வெளியே வரவில்லை. அக்கா டீ கொடுத்தார்கள். பாதிப் பணம் தருகிறேன் என்றதற்கு "அதை எடுத்து உள்ள வைங்க" என்று மட்டும் சொன்னார்கள். பையன் "பரவாயில்லைங்க அத்தை" என்றான். அவன் திட்டியிருக்கலாம்.

இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஏதாவது தோன்றினால் தேதி போட்டு எழுதி மூடிவிடுவேன், பயத்தோடு வந்ததா அமைதியாக வந்ததா என்பதையும் சேர்த்து. நிறைய தோன்றல்கள் ஒரு வாரத்தில் தானாகச் செத்துப்போகின்றன, பார்த்தால் சிரிப்பாக இருக்கிறது. கல்யாணம், வேலை, பணம், மாத்திரை மருந்து பற்றி என்ன தோன்றினாலும் டீச்சரம்மாவிடமும் இன்னொருவரிடமும் காட்டாமல் வாயைத் திறப்பதில்லை. மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள் என்று 1 கொரிந்தியர் 14இல் போட்டிருப்பது சும்மா இல்லை. முக்கியமாக "கர்த்தர் சொல்லுகிறார்" என்று ஆரம்பிப்பதை விட்டுவிட்டேன். அப்படி ஆரம்பித்தால் எதிரே இருப்பவர் பாவம், எப்படி மறுத்துப் பேசுவார்?

போன மாதம் நோட்டைத் தாண்டி ஒன்று நின்றது. எங்கள் சபையில் தனியாக இருக்கும் ஒரு அக்கா, பேச்சுவார்த்தை இல்லாத தன் தம்பிக்கு ஒரு போன் பண்ணலாமே என்பது. நாலு வாரம், படபடப்பு இல்லாமல், அப்படியே இருந்தது. அக்கா, தம்பி என்றதும் என் கதையா என்று சந்தேகம் வந்தது, அதையும் டீச்சரம்மாவிடம் சொன்னேன். "அதையும் சேர்த்தே அவகிட்ட சொல்லிடு" என்றார். போய்ச் சொன்னேன்: "அக்கா, எனக்கு இப்படித் தோணிக்கிட்டே இருக்கு. என் தம்பி ஞாபகத்துல வர்றதாவும் இருக்கலாம். ஜெபிச்சுப் பாருங்க, பொருந்தலைன்னா விட்டுடுங்க."

"அவனுக்கா? எனக்கு அப்படி ஒண்ணும் தோணலையேம்மா" என்றார்.

முன்பாக இருந்தால் இரண்டு வசனத்தை எடுத்து மடக்கியிருப்பேன். சரிங்க அக்கா என்றேன், நாக்கைக் கடித்துக்கொண்டுதான். கிளம்பும்போது அவர் வீட்டு மரத்து முருங்கைக்காய் ஆறு கட்டிக்கொடுத்தார். வந்து நோட்டில் தேதி போட்டு "சொல்லியாச்சு" என்று எழுதி மூடினேன்.