ஈ கடிக்காது என்று யார் சொன்னது

போன மாதம் செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அப்பத்தா, நிமிஷத்துக்கு ஒரு தரம் காலை உதறிக்கொண்டே இருந்தார். “ஈ கடிக்குதுய்யா” என்றார். ஈயாவது கடிக்கிறதாவது, கொசுவாக இருக்கும் அப்பத்தா என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, என் கணுக்காலில் சுருக்கென்று ஊசி இறங்கியது. குனிந்து பார்த்தால் அசல் வீட்டு ஈ மாதிரியே ஒன்று.

முதல் ஈயை அடித்து நசுக்கிவிட்டேன், என்ன ஈ என்று பார்க்க அது உதவவில்லை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் உட்காரும் ஈயைப் படம் எடுக்கலாம் என்றால் பூவேலைப்பாட்டுக்குள் ஈ காணாமல் போய்விடுகிறது. கடைசியில் டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்து, ஐந்து நிமிஷம் ஃப்ரிட்ஜில் வைத்து (தயிருக்குப் பக்கத்திலா என்று அம்மா கத்தியது தனிக்கதை), மந்தமானதும் வெள்ளைத் தட்டில் கொட்டி, ஃபோனில் மாட்டுகிற சின்ன லென்ஸ் வழியாகப் பார்த்தேன்.

நிறத்தை நம்பினால் ஏமாந்துதான் போவோம். வீட்டு ஈ, இந்தக் கடிக்கிற ஈ இரண்டுமே சாம்பல் நிறம், இரண்டுக்கும் முதுகில் நான்கு கறுப்புக் கோடு, அளவும் ஏறக்குறைய ஒன்றுதான். வாயைப் பார்க்க வேண்டும். வீட்டு ஈக்கு வாய் என்பது நுனியில் பஞ்சு வைத்த குழாய் மாதிரி, எச்சிலைத் துப்பி ஊறவைத்து நக்கத்தான் முடியும், கடிக்க முடியாது. இதற்கோ தலைக்கு முன்னால் கறுப்பாக ஒரு ஊசி நீட்டிக்கொண்டு நின்றது, மேலிருந்து பார்த்தாலே தெரிகிறது. அப்புறம் வயிற்றில் புள்ளிகள். சந்தேகம் இருந்தால் இறக்கையை வெளிச்சத்தில் பிடியுங்கள்: வீட்டு ஈயின் நான்காவது நரம்பு ஓரத்துக்குப் பக்கத்தில் முழங்கை மாதிரி சட்டென்று மேலே மடங்கும், இதில் லேசாக வளைந்து போகும்.

பெயர் ஸ்டோமாக்ஸிஸ் கால்சிட்ரன்ஸ். மாட்டுத் தொழுவத்து ஈ என்று வைத்துக்கொள்ளலாம். ஆண், பெண் இரண்டுமே ரத்தம் குடிக்கும், அதுவும் பெரும்பாலும் காலில். லின்னேயஸ் 1758ல் வீட்டு ஈக்குப் பெயர் வைத்த அதே புத்தகத்தில்தான் இதற்கும் வைத்தார், கால்சிட்ரன்ஸ் என்றால் லத்தீனில் உதைக்கிறது என்று அர்த்தம். இது கடித்தால் மாடு காலை உதைக்கும். அப்பத்தா உதறியதும் அதேதான், ஆனால் அதை அவரிடம் சொல்லவில்லை.

சரி, பிடித்தாயிற்று, விடுவானேன் என்று வீட்டில் மொய்க்கிற மற்றதையும் பார்த்தேன். மீன் பையில் வந்தது பச்சையும் நீலமுமாக மின்னும் உடம்பு, செங்கல் நிறத்தில் பெரிய கண். பலாச்சுளையைச் சுற்றியது சிவப்புக் கண் உள்ள பழ ஈ, கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. துளசியில் தேனீ என்று நான் விலகி நடந்தது தேனீயே இல்லை, மிதவை ஈ. தேனீக்கு நான்கு இறக்கை, ஈக்கு இரண்டுதான், பின் இறக்கை இருக்க வேண்டிய இடத்தில் குட்டிக் குமிழ் மட்டும் இருக்கும்.

வளவு முற்றத்துத் தூணில் இருந்த பெரிய சாம்பல் ஈயிடம்தான் தோற்றேன். முதுகில் மூன்று கோடு, வயிற்றில் சதுரங்கக் கட்டம், ஆகவே சதை ஈ. அது வரைக்கும் சரி. சதை ஈயில் எந்த வகை என்று சொல்ல ஆண் ஈயின் பிறப்புறுப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டுமாம், முந்நூறு ரூபாய் லென்ஸுக்கு அது எட்டாது.

கடிக்கிற ஈ எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த நாள் தெரிந்தது. பின்வாசல் சுவரை ஒட்டி மாட்டுக் கழிவும் வைக்கோலும் கலந்து நனைந்து கிடந்தது, இதன் புழு வளர அதைவிட வசதியான இடம் கிடையாது. அள்ளி வெயிலில் மெல்லிசாகப் பரப்பிக் காயவைத்தோம். அப்பத்தாவிடம் பெயரைச் சொன்னேன். “கடிச்சா கடி ஈ, இதுக்கு எதுக்குய்யா அம்புட்டு நீளப் பேரு” என்று திரும்ப வெங்காயத்தை எடுத்துக்கொண்டார்.