மத்தியானக் கச்சேரி

இந்த மார்கழிக்கு ஒரு சபாவில் சாயங்கால ஸ்லாட் தர்றேன்னாங்க. கச்சேரி கடைசியில பாடுற சின்னச் சின்னப் பாட்டு, துக்கடா, நிறைய இருக்கணுமாம், ரீல்ஸுக்கு நல்லா போகுமாம். யோசிச்சு யோசிச்சு வேண்டாம்னுட்டேன். மயிலாப்பூர்ல டிக்கெட் இல்லாத மத்தியானக் கச்சேரிதான் பாடப்போறேன்.

பேர் வாங்க எனக்கும் ஆசைதான். பாட்டை நம்பி வாடகை கட்டுறவளுக்கு பேர்தான் சோறு. ஆனா சஹானா ராகத்தை எடுத்து, ரிஷபத்துல, அந்த 'ரி' ஸ்வரத்துல, வந்து நின்னு, வயலின் அக்கா அதே இடத்தைத் தொட்டுத் திருப்பிக் கொடுக்கிற வரைக்கும் காத்திருக்கணும். அவசரப்படுத்தினா அந்த ராகம் பிடி கொடுக்காது.

எம்.டி.ராமநாதனைத்தான் நினைச்சுக்கறேன். கர்நாடக சங்கீதப் பாடகர், டைகர் வரதாச்சாரியாரோட சிஷ்யர், கலாக்ஷேத்ராவில் சொல்லிக்கொடுத்தவர். சௌக்க காலத்தை, அந்த மெதுவான நடையை, யாருக்காகவும் விட்டுக்கொடுக்கலை. 1974ல பத்மஸ்ரீ வந்தது. 1984ல காலமாகிற வரைக்கும் மியூசிக் அகாடமியோட பெரிய பட்டமான சங்கீத கலாநிதி வரவே இல்லை. அது எனக்கு இன்னிக்கும் ஆறலை. ஆனா அவர் பாடின அந்த சஹானாவுக்கு ஈடா எந்தப் பட்டத்தை வைக்கிறது?

சாயங்கால மேடை இனி கிடைக்காமலே போகலாம். அம்மாவுக்கு வருத்தம். மிருதங்கத் தம்பி மட்டும், "அக்கா, நிரவலை நிதானமா எடுங்க, நான் இருக்கேன்"னான்.

ஒரு மணிக்கு ஆரம்பம். சாப்பிட்டுட்டே வாங்க.